வளைந்தும் முறியாத கட்டுமானம்

1953 ஆகஸ்டு 9ஆம் நாள், கிரேக்க நாட்டின் மேலைக் கரைக்கு அப்பாலுள்ள அயோனியத் தீவுகளில் நிலம் நடுங்கியது. 11ஆம் நாள் மீண்டும் நடுங்கியது. 12ஆம் நாள் வந்த பேரதிர்வு, முன்னிரண்டுக்கும் தப்பி நின்ற சுவர்களையும் சாய்த்தது. கெஃபலோனியாத் தீவில் வட முனையின் சிற்றூர்கள் சில நீங்கலாக மற்றவை மண்மேடாயின. சாகிந்தோஸ் நகரில் இடிபாடுகளில் பற்றிய தீ, நூற்றாண்டுகள் பழைய மாளிகைகளையும் தேவாலயங்களையும் எரித்தது. கெஃபலோனியாவின் கடற்கரை சில இடங்களில் அரை மீட்டருக்கு மேல் உயர்ந்து, நேற்றுவரை அலை தொட்ட பாறை இன்று வெளுத்து நின்றது.

அந்நாளில் கிரேக்கத்தின் பொதுப்பணித் துறை நாற்பத்தாறு அகவையினர் ஒருவரின் பொறுப்பில் இருந்தது. கான்ஸ்டன்டினோஸ் கரமன்லிஸ் என்பது அவர் பெயர். இரண்டு ஆண்டுகளில் தலைமை அமைச்சராகி, பின்னர் நாட்டின் குடியரசுத் தலைவராகவும் இருமுறை அமர்ந்தவர். வலதுசாரி மரபினர் தம் முதல்வர் என்று கொண்டாடும் பழமை பேணும் தலைவர். அவரைப் பற்றி அரசியலார் எழுதியவை மிகப் பல. நான் அவரை நில அறிவியலின் வழியாகவும் கட்டுமான அறிவியலின் வழியாகவும் காண விழைகிறேன். அவருடைய பொதுவாழ்வு, நடுங்கும் நிலத்தில் எதைக் கட்டலாம், எப்படிக் கட்டலாம் என்னும் வினாவோடு தொடக்கம் முதல் பின்னிக் கிடக்கிறது.

கிரேக்கத்தின் அடியில் நிகழ்வதை முதலில் அறிந்துகொள்வோம். ஆப்பிரிக்கப் புவித்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து, கிரீட் தீவுக்குத் தெற்கே வில்லாய் வளைந்த அகழியில் ஏஜியன் தட்டின் அடியில் இறங்குகிறது. கிழக்கிலிருந்து அனத்தோலிய நிலப்பகுதி மேற்கு நோக்கித் தள்ளுகிறது. இவ்விரு விசைகளுக்கும் இடைப்பட்ட ஏஜியன் நிலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 செ.மீ. அளவு தென்மேற்கே வழுக்குகிறது. நம் விரல்நகம் வளரும் விரைவே அது. ஆனால் பாறைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு பல்லாண்டுகள் அசையாமல் நின்று, தாங்கும் எல்லை கடந்ததும் ஒரே நொடியில் பிய்த்துக்கொள்கின்றன. கெஃபலோனியாவுக்கு மேற்கே ஓடும் பிளவு இவற்றுள் மிக முனைப்பானது. ஐரோப்பாவில் நிலநடுக்கம் வெளிப்படுத்தும் ஆற்றலில் ஏறத்தாழ பாதி இச்சிறு நாட்டிலும் அதைச் சூழ்ந்த கடலிலும் வெளிப்படுகிறது.

கரமன்லிஸ் பிறந்த மண்ணும் வேறொரு வகையில் நடுங்கிய மண்ணே. 1907இல் மாசிடோனியாவின் செரஸ் நகரை அடுத்த குப்கோய் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தபோது அது உதுமானியப் பேரரசின் பகுதி. பால்கன் போர்களுக்குப் பின்னர் கிரேக்கத்தோடு இணைந்த அவ்வூர் இன்று புரோத்தி என வழங்குகிறது. தந்தை ஆசிரியராய் இருந்து புகையிலை பயிரிடத் தொடங்கியவர். கிரேக்கச் சார்பில் மாசிடோனியப் போராட்டத்தில் பங்கேற்றவர். மூத்த மகன் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, செரசில் வழக்கறிஞராகி, 1935இல் இருபத்தெட்டாம் அகவையில் மக்கள் கட்சியின் சார்பில் நாடாளுமன்றம் புகுந்தார். அடுத்த ஆண்டே, 1936 ஆகஸ்டு 4ஆம் நாள், மெட்டாக்சாஸ் வல்லாட்சி நாடாளுமன்றத்தை மூடிற்று. தொடர்ந்து போர், அயலார் ஆட்சி, பஞ்சம், உள்நாட்டுப் போர். பத்தாண்டுக் காலம் அரசியல் வாழ்வு அவருக்கு இல்லை. 1946க்குப் பின்னர் தொழிலாளர் துறை, போக்குவரத்து, சமூக நலம் எனத் துறை துறையாகப் பொறுப்பேற்றார். உள்நாட்டுப் போரில் மலையூர்களை விட்டு ஓடிவந்த ஏதிலிகளை மீண்டும் குடியமர்த்தும் பணி அவரிடம் வந்தது. கூரையும் சுவரும் இழந்த மக்களை அவர் முதன்முதலாக அருகிருந்து கண்டது நிலநடுக்கத்தில் அன்று, போரில்தான்.

பொதுப்பணி அமைச்சராக அவர் காட்டிய விரைவு நாடறிந்தது. சாலை, பாலம், குடிநீர் என எதிலும் காலக்கெடு குறித்து வேலை வாங்குவார். 1953இல் ஏதென்ஸ் நடுவிலிருந்த டிராம் தண்டவாளங்களைத் தொழிலாளர்களைக் கொண்டு பெயர்த்தெடுக்கச் செய்தார். சாலை உந்துவண்டிகளுக்கு உரியது என்னும் அக்காலத்து நம்பிக்கை அது. அந்நகரம் 2004இல் புதிய டிராம் தடங்களை மீண்டும் அமைக்க வேண்டிவந்தது. விரைந்து கட்டுவோர் விரைந்து இடிப்பதும் உண்டு. கரமன்லிசின் முதல் கால ஆட்சியை எடைபோடும்போது இதை நான் மறப்பதில்லை.

1955 அக்டோபரில் தலைமை அமைச்சர் பபாகோஸ் மறைந்தார். கட்சியில் மூத்தவர் இருவர் காத்திருக்க, மன்னர் பவுல் நாற்பத்தெட்டு அகவைக் கரமன்லிசை ஆட்சியமைக்க அழைத்தார். அவர் 1956 சனவரியில் தேசியத் தீவிர ஒன்றியம் என்னும் தம் சொந்தக் கட்சியைத் தொடங்கினார். அடுத்த மாதம் நடந்த பொதுத்தேர்தலில்தான் கிரேக்கப் பெண்கள் முதன்முதலாக நாடு தழுவி வாக்களித்தனர். லினா சல்தாரி அந்நாட்டின் முதல் பெண் அமைச்சராக அவருடைய அவையில் அமர்ந்தார்.

அவ்வாண்டு சூலை 9ஆம் நாள் அமோர்கோஸ், சாந்தோரினித் தீவுகளுக்கு இடையே கடல் அடியில் நிலம் பிளந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஏஜியன் கடல் கண்ட மிகப்பெரும் நிலநடுக்கங்களுள் ஒன்று அது; ஆழிப்பேரலையும் உடன் எழுந்தது. 1953 அயோனியா, 1954இலும் 1955இலும் தெசலி, 1956 சாந்தோரினி என ஆண்டுதோறும் அடி விழுந்துகொண்டிருந்த நாடு ஒன்று, கட்டடங்களுக்குச் சட்டம் வகுக்காமல் இருக்க இயலாது. 1959இல் கரமன்லிஸ் அரசின் காலத்தில் கிரேக்கத்தின் முதல் நிலநடுக்கக் கட்டட விதித்தொகுப்பு நாடு முழுமைக்கும் நடைமுறைக்கு வந்தது.

அவ்விதியின் உட்பொருளைச் சற்று நின்று காண்பது தகும். வீடு ஒன்று இயல்பாகத் தாங்குவது மேலிருந்து கீழே அழுத்தும் எடையை மட்டுமே. நிலம் திடீரெனப் பக்கவாட்டில் நகரும்போது, கட்டடத்தின் பொருண்மை இருந்த இடத்திலேயே இருக்க முனைகிறது. அடித்தளமோ நிலத்தோடு ஓடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் தூண்கள் இழுபடுகின்றன. இந்த இழுப்பை ஒரு பக்கவாட்டு விசையாகக் கணக்கிட்டு, அதைத் தாங்கும் வலிமையுடன் தூண்களையும் உத்திரங்களையும் அமைக்க வேண்டும் என்றது 1959ஆம் ஆண்டு விதி. நாட்டை மூன்று மண்டலங்களாகவும் நிலத்தை மூன்று வகையாகவும் பிரித்து, கட்டடத்தின் எடையில் 4 முதல் 16 விழுக்காடு வரை அவ்விசையை வரையறுத்தது. எளிய கணக்கு, நேரிய கணக்கு, பல்லாயிரம் உயிர்களைக் காத்த கணக்கு.

ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. அது வலிமையை மட்டும் கேட்டது. எதிர்பார்த்ததினும் பெரிய அதிர்வு வந்து, தூணின் வலிமை தீர்ந்துபோகும் அந்த நொடிக்குப் பின் என்ன ஆகும் என்று அது கேட்கவில்லை. கம்பியிட்ட கற்காரைத் தூண் இரண்டு வகையில் தோற்கலாம். ஒன்று, படீரென வெடித்து நொறுங்கி மேல்மாடிகளைக் கீழே போட்டுவிடுவது. மற்றொன்று, விரிசல் கண்டு, வளைந்து, உருக்குலைந்தும் சுமையை விடாமல் நிற்பது. இரண்டாவது தூணுள்ள வீட்டில் குடியிருப்போர் உயிரோடு வெளியேறுவர். இந்த வேறுபாட்டை உண்டாக்குவது பெரும்பாலும் ஒரு சிறு பொருள்: நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி. நம்மூர்க் கட்டட வேலையாட்கள் 'ரிங்' என்பது அதைத்தான். வளையங்களை நெருக்கமாக இட்டால், உடைந்த கற்காரையும் உதிராமல் உள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். தூண் வளையுமே அன்றி வெடிக்காது. முறியாமல் வளையும் இப்பண்பை 1959ஆம் ஆண்டு விதி உரியவாறு கருதவில்லை. அக்காலத்தில் உலகின் பெரும்பாலான விதிகளும் கருதவில்லை.

அவ்விதியின்கீழ்தான் இன்றைய ஏதென்சும் தெசலோனிகியும் எழுந்தன. நிலமுடையவர் தம் மனையைக் கட்டுநருக்குக் கொடுப்பார். கட்டுநர் அடுக்குக் குடியிருப்பு எழுப்பி, சில வீடுகளை நிலமுடையவருக்கே விலையின்றித் தருவார். பணம் கைமாறாமலே நகரம் வளர்ந்தது. ஓட்டுக் கூரைகள் நிறைந்த நகரங்கள் இருபது ஆண்டுகளில் கற்காரைக் காடாயின. கரமன்லிஸ் ஆட்சியின் எட்டாண்டுகளில் மின்சாரமும் சாலையும் ஊர்தோறும் பரவின. பொருள்வளம் விரைந்து பெருகிற்று. 1961 சூலை 9ஆம் நாள், ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தோடு இணைவு உடன்படிக்கை செய்த முதல் நாடு என்னும் பெருமையைக் கிரேக்கம் பெற்றது.

அந்த ஆட்சியே 1959ஆம் ஆண்டு விதியைப் போன்றதுதான் என்பது என் கருத்து. வலிமை இருந்தது, வளையும் இடம் இல்லை. பொதுவுடைமைக் கட்சி தடைசெய்யப்பட்டிருந்தது. அரசியல் கைதிகள் தீவுகளில் கிடந்தனர். சிற்றூர்களில் காவலர் ஒவ்வொரு குடும்பத்தின் அரசியல் சார்பையும் ஏட்டில் எழுதி வைத்திருந்தனர். 1961 தேர்தலில் வன்முறையும் மோசடியும் நிகழ்ந்தன என்று எதிர்க்கட்சிகள் முழங்கின. படையினரும் காவலரும் ஊர்ப்புறங்களில் வாக்காளரை அச்சுறுத்தியது உண்மை. அரசியல் என்னும் கட்டடத்தில் எதிர்க்கருத்தாகிய பக்கவாட்டு விசைக்கு ஒதுங்கும் வழியே இல்லை. 1963 மே மாதம் தெசலோனிகியில் இடதுசாரி நாடாளுமன்ற உறுப்பினர் கிரிகோரிஸ் லம்ப்ராகிஸ் தாக்கப்பட்டு உயிரிழந்தார். கொலையாளிகளுக்குக் காவல் துறையின் ஒரு பகுதி துணைநின்றது வெளிப்பட்டபோது, ஆட்சி செய்வது தாமா, தமக்குத் தெரியாத வேறு கைகளா என்னும் கேள்வி கரமன்லிஸ் முன் நின்றது. அரண்மனையோடும் அவருக்குப் பிணக்கு முற்றியது. சூன் மாதம் பதவி விலகினார். நவம்பர் தேர்தலில் தோற்றார். வேறு பெயரில் வானூர்தி ஏறிப் பாரிசுக்குச் சென்றார். பதினோராண்டுகள் அங்கேயே இருந்தார்.

அவர் நாட்டில் இல்லாத காலத்தில்தான் தூண்கள் வெடித்தன. 1967 ஏப்ரல் 21ஆம் நாள் விடியலில் படைத்தலைவர்கள் சிலர் தகரிகளுடன் ஏதென்சைக் கைப்பற்றினர். ஏழாண்டு வல்லாட்சி 1974 சூலையில் சைப்ரசில் சூழ்ச்சி செய்து, துருக்கியின் படையெடுப்பை வரவழைத்து, தானே சரிந்தது. சூலை 24ஆம் நாள் பின்னிரவில், பிரெஞ்சு அதிபர் அளித்த வானூர்தியில் கரமன்லிஸ் வந்திறங்கினார். வீதியெங்கும் மக்கள். விடியுமுன் நான்கு மணி அளவில் உறுதிமொழி ஏற்றார். அந்நேரத்தில் அவருக்குப் படை கட்டுப்படுமா என்பதே ஐயம். முதற் சில வாரங்கள் போர்க்கப்பலொன்று காவல் நிற்க, கடலில் ஒரு படகிலேயே இரவுகளைக் கழித்தார்.

என் மனத்தை ஈர்ப்பவர் இந்த இரண்டாவது கரமன்லிஸ். அறுபத்தேழு அகவையில், பழமைபேணும் தலைவர் ஒருவர், தம் முதற்கட்டுமானம் எங்கே முறிந்தது என்பதைக் கண்டு அதே இடத்தில் வளையக் கம்பி இடுகிறார். கால் நூற்றாண்டுக்கு மேல் தடைப்பட்டிருந்த பொதுவுடைமைக் கட்சியை அவரே செப்டம்பரில் சட்டப்படி இயங்க விட்டார். அக்டோபரில் நெயா டிமொக்ரதியா, அதாவது புதிய மக்களாட்சி, என்னும் கட்சியைத் தொடங்கினார். நவம்பர் 17 தேர்தலில் 54.4 விழுக்காடு வாக்கும் 300 இடங்களில் 220ம் பெற்றார். முடியாட்சி வேண்டுமா என மக்களையே கேட்ட டிசம்பர் 8ஆம் நாள் வாக்கெடுப்பில், வாழ்நாள் முழுதும் முடியாட்சி ஆதரவாளர் நடுவே வளர்ந்த அவர் எப்பக்கமும் சாயாமல் வாய்மூடி இருந்தார். 69 விழுக்காட்டினர் குடியரசைத் தேர்ந்தனர். முடியாட்சியினர் சிலர் இதை இறுதிவரை மன்னிக்கவில்லை. வல்லாட்சித் தலைவர்களை முறையான வழக்குமன்றத்தில் நிறுத்தினார். 1975 ஆகஸ்டில் மூவருக்குச் சாவுத்தண்டனை விதிக்கப்பட்டபோது, அதை வாழ்நாள் சிறையாக அவர் அரசு மாற்றியது. பழிவாங்கும் வேட்கை மேலோங்கிய அந்நாளில் அது எளிய செயலன்று. சைப்ரசுக்குப் படை அனுப்பவில்லை என்ற குற்றச்சாட்டு மட்டும் இன்றளவும் நீங்கவில்லை. அனுப்பியிருந்தால் சிதைந்து கிடந்த அப்படையால் எதையும் மீட்டிருக்க இயலாது என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் வீடிழந்த சைப்ரசு மக்களிடம் இவ்வாதம் எடுபடாது என்பதையும் உணர்கிறேன்.

அவர் செய்தவற்றுள் மொழி அன்பர் கருதத்தக்கது ஒன்றுண்டு. கிரேக்க அரசும் பள்ளியும் அதுவரை கதரெவுசா என்னும் செயற்கைப் பழநடையிலேயே இயங்கின. வீட்டில் ஒரு மொழி, ஏட்டில் ஒரு மொழி. 1976இல் அவருடைய அரசு பள்ளிகளில் வழக்கு மொழியாகிய தெமோதிக்கியைக் கல்வி மொழியாக்கிற்று. அதற்கு முந்திய ஆண்டு அவர் அரசு இயற்றிய அரசியலமைப்புச் சட்டமோ பழநடையிலேயே எழுதப்பட்டது. ஓராண்டு இடைவெளியில் ஒரே கை எழுதிய இரண்டு நடைகள்!

அந்த 1975ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு, இயற்கைச் சூழலையும் பண்பாட்டுச் சூழலையும் காப்பது அரசின் கடமை என்கிறது. இதைச் சட்டத்தின் உச்சியில் முற்படப் பொறித்த நாடுகளுள் கிரேக்கமும் ஒன்று. காரணம் அக்ரோபொலிஸ் குன்றின்மேல் கண்ணெதிரே நின்றது. கரமன்லிசின் முதற்கால வளர்ச்சி ஈன்ற உந்துவண்டிகளும் ஆலைகளும் வெப்பமூட்டும் எண்ணெய் அடுப்புகளும் கந்தக ஈராக்சைடைக் காற்றில் கொட்டின. அது ஈரத்தோடு சேர்ந்து கந்தக அமிலமாகிப் பளிங்கைத் தொடுகிறது. பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டதும் ஜிப்சமாக மாறுகிறது. ஜிப்சம் மழையில் கரையும். நிழலில் கரிபிடித்துக் கருமையாய்ப் படியும். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகள் கூர்மை மழுங்காத கல்முகங்கள் சில பத்தாண்டுகளில் தேய்ந்தன. எரெக்தெயோன் கோயிலின் முகமண்டபத்தைத் தலையில் தாங்கிய கரியாதித் மங்கையரின் மூக்கும் கன்னமும் கரைந்தன.

அதனினும் கொடிய நோய் கல்லின் உள்ளே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொறியாளர் நிக்கோலாஸ் பாலனோஸ், சரிந்த தூண்களை எடுத்து நிறுத்தியபோது கற்களை இரும்புப் பற்றுகளால் பிணித்தார். பண்டைய கிரேக்கரும் இரும்பே இட்டனர். ஆனால் அதன்மேல் ஈயத்தை உருக்கி வார்த்துக் காற்றும் நீரும் புகாமல் மூடினர். பாலனோஸ் இட்ட இரும்பு துருப்பிடித்துப் பருத்துப் பளிங்கை உள்ளிருந்தே பிளந்தது. 1975இல் அரசு அக்ரோபொலிஸ் காப்புக் குழுவை அமைத்தது. பாலனோசின் இரும்பைப் பிடுங்கிவிட்டுத் துருவேறாத டைட்டானியத்தை அக்குழு இட்டது. கரியாதித் சிலைகள் 1979இல் உள்ளே கொண்டுசெல்லப்பட, அவற்றின் நகல்கள் வெளியே நின்றன.

பண்டைய தூண்களிலும் வளையும் அறிவு மறைந்திருக்கிறது. பார்த்தினோன் கோயிலின் தூண் ஒரே கல் அன்று. சாந்தின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பளிங்கு உருளைகள் அது. நடுவில் மரத்தாலான சிறு ஆணி மட்டும் உண்டு. நிலம் ஆடும்போது உருளைகள் சிறிதே நெம்பும், உராயும், மீண்டும் படியும். அவ்வுராய்வில் அதிர்வின் ஆற்றல் வெப்பமாய்க் கழிகிறது.

1978 சூன் 20ஆம் நாள் இரவு பதினொரு மணிக்குத் தெசலோனிகிக்கு வடகிழக்கே மிக்தோனியப் பள்ளத்தில் 6.5 அளவுள்ள நிலநடுக்கம் நேர்ந்தது. கரமன்லிஸ் அப்போதும் தலைமை அமைச்சர். ஏறத்தாழ ஐம்பது பேர் மாண்டனர். அவருள் பலர் இப்போத்ரோமியூ சதுக்கத்தில் இடிந்த ஒரே அடுக்குக் குடியிருப்பில் இருந்தவர்கள். மற்றக் கட்டடங்கள் பெரும்பாலும் நின்றன. 1959 விதியின் வலிமையும் குறையும் ஒரே இரவில் வெளிப்பட்டன. நகரம் வாரக்கணக்கில் கூடாரங்களில் வாழ்ந்தது. அடுத்த ஆண்டே அந்நகரில் நிலநடுக்கப் பொறியியல் ஆய்வு நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. தூண்களில் வளையக் கம்பியின் நெருக்கத்தை வற்புறுத்தும் திருத்தங்கள் 1984இல் விதித்தொகுப்பில் ஏறின.

1979 மே 28ஆம் நாள் ஏதென்சின் சப்பியோன் மாளிகையில் ஐரோப்பியச் சமூகத்தில் கிரேக்கம் சேரும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டதே அவர் தம் வாழ்வின் உச்சமாகக் கருதியது. அடுத்த ஆண்டு குடியரசுத் தலைவரானார். 1981 பிப்ரவரியில் கொரிந்து வளைகுடாவில் எழுந்த நிலநடுக்கம் ஏதென்சை உலுக்கியது. பார்த்தினோனின் கிழக்குப்புற மூலைக் கற்கள் இடம்பெயர்ந்தன. அவ்வாண்டு அக்டோபரில் வேறொரு அதிர்வு: சோசலிசக் கட்சித் தலைவர் ஆண்ட்ரியாஸ் பாப்பாந்திரேயு 48 விழுக்காடு வாக்குடன் வென்றார். 1963இல் கரமன்லிசை வீழ்த்தியவரின் மகன் அவர். அவர் பதவி உறுதிமொழி ஏற்றது கரமன்லிஸ் முன்னிலையிலேயே. தகரி ஒன்றும் தெருவுக்கு வரவில்லை. 1974இல் இட்ட வளையங்கள் தாங்கின. 1985இல் பாப்பாந்திரேயு ஆதரவை விலக்கியபோது பதவி துறந்தார். 1990 முதல் 1995 வரை மீண்டும் அப்பதவியில் இருந்தார். 1998 ஏப்ரல் 23ஆம் நாள் தொண்ணூற்றொன்றாம் அகவையில் மறைந்தார்.

அக்ரோபொலிசின் அடிவாரத்தில் மக்ரியானி என்னுமிடத்தில் புதிய அருங்காட்சியகம் ஒன்று எழவேண்டும் என்று 1976இல் இடம் குறித்தவர் அவரே. வரைவுப் போட்டிகள் வந்து கைவிடப்பட்டன. தோண்டிய இடத்தில் பழைய ஏதென்சின் வீதிகள் வெளிப்பட்டன. முப்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்தன. தெசலோனிகி அதிர்ந்த அதே சூன் 20ஆம் நாள், 2009இல் அது திறக்கப்பட்டது. அன்று தலைமை அமைச்சர் அவருடைய தம்பி மகன் கோஸ்டாஸ் கரமன்லிஸ். அகழ்வுக் குழிகளுக்கு மேலே தூண்கள் நிற்கின்றன. தூண்களின் தலையில் நிலநடுக்கத் தாங்கிகள் உள்ளன. நிலம் நகர்ந்தால் மேற்கட்டடம் அவற்றின்மேல் மெல்ல வழுக்கிக் கொடுக்கும். ஐந்து கரியாதித் மங்கையரும் அங்கே, வடிகட்டிய காற்றில், தலையில் சுமையின்றி நிற்கின்றனர். ஆறாமவளின் இடம் வெற்றிடமாக விடப்பட்டுள்ளது. அவள் இலண்டனில் இருக்கிறாள்.